நாலு மணித் தேநீருக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச்: கொங்குப் பகுதியில் முதன்முறை செய்வோருக்கு

வெள்ளரிக்காய் சாண்ட்விச்சுக்கு வேண்டியவை பிரெட், வெண்ணெய், வெள்ளரிக்காய், உப்பு, மிளகு ஆகிய ஐந்தே பொருள்கள். அடுப்புப் பற்றவைக்கும் வேலை கிடையாது. இருந்தும் முதன்முறை செய்பவர்களுக்கு, விருந்தினர் வந்து அமரும் நேரத்தில் பிரெட்டின் உட்பக்கம் நனைந்து தொளதொளத்தும், ஓரங்கள் காய்ந்து சுருண்டும் போய்விடுகின்றன. கிடைக்கும் செய்முறைகளில் பலவும் குளிர்நாட்டுச் சமையலறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஈரோட்டுச் சித்திரை வெயிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் வந்து வீசும் ஆடிக் காற்றும் அவற்றின் கணக்கில் இல்லை. அவற்றை அப்படியே பின்பற்றித் திணறிய பிறகே இந்த முறை எனக்குக் கைவந்தது. வெள்ளரிக்காயின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர்தான். அந்த நீர் எப்போது, எவ்வளவு வெளியேறுகிறது என்பதை நீங்கள் கட்டுப்படுத்திவிட்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

1. முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

விருந்தினர் எண்ணிக்கை, பரிமாறும் நேரம், யார் யாருக்கு எது ஆகாது என்ற மூன்றையும் கடைக்குப் போகும் முன்பே எழுதி வையுங்கள். கோதுமையும் பாலும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தப் பண்டத்தை மாற்றிக் கொடுக்க வழியில்லை. அவர்களுக்குப் பழமோ சுண்டலோ தனியாக ஏற்பாடு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை, புரட்டாசி மாதம் போன்ற நாள்களில் முட்டை சேர்ந்த எதையும் தொடாத குடும்பங்கள் நம் பகுதியில் மிகுதி. சில பேக்கரிகளில் பிரெட்டுக்கு முட்டை சேர்ப்பதும் உண்டு. பொட்டலத்தில் சைவத்துக்கான பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள், பொட்டலம் இல்லாமல் வாங்கினால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இது பசியாற்றும் பண்டம் இல்லை. ஒருவருக்கு நான்கு சிறு துண்டுகள் என்று வைத்தால் போதும். இரண்டு பிரெட் துண்டுகள் சேர்ந்த ஒரு சாண்ட்விச்சை நான்கு முக்கோணங்களாக வெட்டலாம் என்பதால், இருபது பேருக்கு இருபது முழுச் சாண்ட்விச்சுகள், அதாவது நாற்பது பிரெட் துண்டுகள் தேவைப்படும். வயிறு நிறையச் சாப்பிட எண்ணி வருபவர்கள் இருந்தால் உடன் ஒரு காரப் பலகாரமும் இனிப்பும் வையுங்கள். விருந்தினரை வெறும் வெள்ளரிக்காயோடு அனுப்பி வைக்க நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் ஒப்பாது, அதில் நியாயமும் இருக்கிறது.

இருபது பேருக்கான செலவுக் கணக்கு இது. 400 கிராம் பிரெட் மூன்று பொட்டலங்களுக்குச் சுமார் 150 ரூபாய், வெண்ணெய் 250 கிராமுக்கு 150 முதல் 180 ரூபாய், வெள்ளரிக்காய் ஒன்றரைக் கிலோவுக்கு 60 ரூபாய் அளவில், எலுமிச்சை, புதினா, மிளகு எல்லாம் சேர்த்து 40 ரூபாய். ஆக ஏறத்தாழ 400 முதல் 430 ரூபாய், ஆளுக்கு 20 ரூபாயை ஒட்டி வரும். கோடையில் வெள்ளரிக்காய் விலை ஏறும் என்பதால் கையில் 50 ரூபாய் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. வெள்ளரிக்காய் தேர்ந்தெடுத்தல்

உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அன்று பறித்த காய் அங்கே கிடைக்கும்; விலைப்பலகையும் கண்ணெதிரே இருப்பதால் பேரம் பேசும் சிரமம் இல்லை. வெயில் ஏறிய பிறகு போனால் நல்ல காய்கள் போய், முற்றியவையும் வதங்கியவையுமே மிஞ்சியிருக்கும்.

நீளமாக, ஒரே சீரான பருமனில், கரும்பச்சை நிறத்தில், பசுமைக்குடிலில் விளைந்த விதை குறைந்த காய் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதன் தோல் மெல்லியது என்பதால் சீவவும் வேண்டாம். அது கிடைக்காவிட்டால் நாட்டு வெள்ளரியிலேயே செய்யலாம். ஆனால் இரண்டு விரல் பருமனுக்கு மிகாத இளங்காயாகப் பார்த்து எடுங்கள். நகத்தால் இலேசாக அழுத்தினால் தோல் உடனே கீறுப்பட வேண்டும், நடுவில் பிடித்தால் வளையக் கூடாது. மஞ்சள் தோலுடன் உருண்டையாக இருக்கும் சாம்பார் வெள்ளரி இதற்கு உதவாது. அதன் சதை பச்சையாகத் தின்னும் பதத்தில் இராது.

கசப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தண்ணீர்ப் பற்றாக்குறையிலும் கடும் வெயிலிலும் வளர்ந்த கொடியில் குக்குர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருள் கூடுதலாகச் சேர்கிறது. அது காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும்தான் அதிகம் தங்கும். காம்பை அரிந்து, அரிந்த பகுதியை வைத்துத் தேய்த்து நுரை எடுக்கும் வழக்கத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். ஒவ்வொரு காயிலும் இரு முனைகளிலிருந்தும் ஒரு சிறு வில்லை வெட்டி வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் காம்புப் பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி வெட்டி மீண்டும் சுவையுங்கள். அப்போதும் கசந்தால் அந்தக் காயை ஒதுக்கிவிடுங்கள். ஒரே ஒரு கசப்புக் காய் மற்றவற்றோடு கலந்துவிட்டால், எந்தத் துண்டில் இருக்கிறது என்று பின்னர் கண்டுபிடிக்க இயலாது. ஒன்றரைக் கிலோ வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. பிரெட்

அன்று காலை வெந்து வந்த பிரெட் மிருதுவாக இருக்கும், ஆனால் வெண்ணெய் தடவும்போது பிய்ந்துவிடும். முதல் நாள் மாலை வாங்கி, பொட்டலத்திலேயே வெளியில் வைத்திருந்த பிரெட்டே இதற்கு ஏற்றது. பேக்கரியில் "நேத்துச் சாயங்காலம் போட்டது இருக்குதுங்களா" என்று தயங்காமல் கேளுங்கள். பழையதைக் கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை, கடைக்காரருக்கும் மகிழ்ச்சிதான். பால் பிரெட், பழ பிரெட் போன்ற இனிப்பு வகைகளைத் தவிர்த்து, சதுர வடிவச் சாண்ட்விச் பிரெட்டை மெல்லிய துண்டுகளாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பொட்டலமாக வாங்குவதானால் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

400 கிராம் பொட்டலத்தில் இரு முனைத் துண்டுகளைக் கழித்தால் பதினான்கு துண்டுகள் அளவில் தேறும் என்பதால் மூன்று பொட்டலங்கள் போதும். ஆனாலும் வாங்கும்போதே எண்ணிப் பாருங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் துண்டின் பருமன் வேறுபடுகிறது.

பிரெட்டை இரவில் பிரிட்ஜில் வைக்க வேண்டாம். பிரிட்ஜின் குளிரில் மாவுச்சத்து விரைவில் இறுகிவிடுவதால், வெளியில் இருப்பதைவிட அங்கே பிரெட் சீக்கிரம் விறைத்துப் பொடியாகும்.

4. வெண்ணெய்

பிரெட்டுக்கும் வெள்ளரிக்காய்க்கும் நடுவே நீரைத் தடுத்து நிறுத்துவது வெண்ணெய்ப் படலம்தான். எனவே இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்; ஒரு பிரெட் துண்டுக்கு ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ 5 கிராம், ஓரம் வரை தடவ வேண்டும். ஓரத்தில் விரற்கடை அகலம் விட்டாலும் அந்த இடத்தில் நீர் இறங்கி, அங்கிருந்து துண்டு முழுவதும் பரவிவிடும்.

ஊத்துக்குளி வெண்ணெய் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது அதையே பயன்படுத்துவது என் விருப்பம். மணத்தில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் கடைந்தெடுத்த வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும், அது புளிப்பையும் நீரையும் சேர்த்துக் கொண்டுவரும். குளிர்ந்த குடிநீரில் போட்டுப் பிசைந்து, நீர் கலங்காமல் வரும் வரை இரண்டு மூன்று முறை மாற்றி, பின் கரண்டியின் அடிப்பக்கத்தால் அழுத்தி நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். அதன்பின் 100 கிராமுக்குக் கால் தேக்கரண்டி தூள் உப்புச் சேர்த்துக் குழையுங்கள். கடையில் விற்கும் உப்பு வெண்ணெயை வாங்கினால் இந்த வேலைகள் இல்லை, ஆனால் வெள்ளரிக்காய்க்குப் போடும் உப்பைக் குறைக்க வேண்டும். இரண்டிலும் உப்பு முழு அளவில் சேர்ந்துவிட்டால் யாராலும் ஒரு துண்டுக்கு மேல் சாப்பிட முடியாது.

குழைத்த வெண்ணெயில் பொடியாக நறுக்கிய புதினா இரண்டு மேசைக்கரண்டி, எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியைத் துருவியது அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம். எலுமிச்சைச் சாற்றை ஊற்ற வேண்டாம், அதுவும் நீர்தான். புதினாவைக் கழுவியபின் துணியில் நன்றாக ஒற்றிக் காயவைத்தே நறுக்குங்கள்.

வெண்ணெய் கரண்டியில் எடுத்தால் வடிவம் மாறாமல் நிற்க வேண்டும், கத்தியால் தடவினால் இழுபடாமல் பரவ வேண்டும். மார்கழியில் இந்தப் பதத்துக்கு வர ஒரு மணி நேரம் ஆகலாம், சித்திரையில் பதினைந்து நிமிடமே மிகுதி. ஓரங்களில் எண்ணெயாகப் பளபளக்கத் தொடங்கினால் உடனே பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி வையுங்கள். உருகிய வெண்ணெயைப் பிரெட் உறிஞ்சிக்கொள்ளும், மேலே படலம் நிற்காது.

பிரிட்ஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். விசேஷ நாள் என்றால் அதில் மல்லிகைச் சரமும், பலாச்சுளையும், அரைத்த மசாலாவும் இருக்கும். வெண்ணெய் இவை அத்தனையின் மணத்தையும் ஈர்த்துக்கொள்ளும் என்பதால், மூடி இறுகிய டப்பாவில் மட்டுமே உள்ளே வையுங்கள்.

5. வெள்ளரிக்காயின் நீரை இறக்குதல்

இந்தப் படிக்கு முழுதாக ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் மீதி உழைப்பு எல்லாம் வீணாகும்.

பச்சையாகச் சாப்பிடப்போகும் காய் என்பதால் ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவி, கடைசியாகக் குடிநீரில் ஒருமுறை அலசித் துடையுங்கள். இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் இதை வெட்டக் கூடாது. வெங்காயம், பூண்டு நறுக்கிய மரப்பலகையும் வேண்டாம், வாசம் ஏறிவிடும். நாட்டு வெள்ளரியானால் தோலைச் சீவுங்கள். விதை பெரிதாக இருந்தால் நீளவாக்கில் பிளந்து, கரண்டி முனையால் நடுப்பகுதியை வழித்தெடுத்துவிட்டுப் பிறைத்துண்டுகளாக நறுக்குங்கள். நீர் மிகுதியாக இருப்பது அந்த விதைச்சோற்றில்தான்.

வில்லைகளின் பருமன் 2 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். கையால் இவ்வளவு மெல்லியதாக ஒரே சீராக வெட்டுவது கடினம். வாழைக்காய் சிப்ஸ் சீவும் கட்டை வீட்டில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். காய் குறுகிக் கடைசித் துண்டு வரும்போது விரல் அலகில் பட்டுவிடும், அதை மட்டும் கத்தியால் வெட்டிக்கொள்ளுங்கள். இதைவிடத் தடிமனானால் கடிக்கும்போது வில்லை வழுக்கி வெளியே வரும், இதைவிட மெலிந்தால் உப்புப் பட்டதும் துவண்டு மொறுமொறுப்பு போய்விடும்.

சீவிய வில்லைகளை வடிதட்டில் பரப்பி, அரைக் கிலோவுக்கு முக்கால் தேக்கரண்டி தூள் உப்பைப் பரவலாகத் தூவிக் கையால் மெதுவாகப் புரட்டுங்கள். உப்பு வெண்ணெய் வாங்கியிருந்தால் அரைத் தேக்கரண்டியே போதும். கல்லுப்பு ஒரு பக்கம் கரைந்து ஒரு பக்கம் கரையாமல் நிற்கும் என்பதால் அதை இங்கே தவிர்க்கவும். உப்பு வில்லையின் திசுக்களிலிருந்து நீரை வெளியே இழுக்கும். இருபது முதல் இருபத்தைந்து நிமிடங்களில் கீழே வைத்த பாத்திரத்தில் கணிசமான நீர் சேர்ந்திருப்பதைக் காண்பீர்கள். அரை மணி நேரத்தைத் தாண்ட விட வேண்டாம்.

இனிதான் பலரும் தவறும் இடம். தயிர்ப் பச்சடிக்குப் பிழிவதுபோல் உள்ளங்கையில் வைத்துப் பிழியாதீர்கள். வில்லை உடைந்தால் அடுக்கிய பின்னும் உள்ளிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். துவைத்துக் கஞ்சி போடாத பழைய பருத்தித் துண்டையோ வேட்டித் துணியையோ மேசையில் விரித்து, வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, மேலே இன்னொரு துணியைப் போட்டு உள்ளங்கையால் ஒற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து உலர்ந்த துணிக்கு மாற்றி மறுபடியும் ஒற்றுங்கள். ஒரு வில்லையை எடுத்து உலர்ந்த தாளில் வைத்துப் பாருங்கள்: தாளில் ஈர வட்டம் படராவிட்டால் பதம் சரி. ஒன்றைச் சுவைத்தும் பாருங்கள். உப்பு மிஞ்சியிருந்தால் குடிநீரில் ஒரு நொடி அலசி, மீண்டும் ஒற்றி எடுங்கள்.

மிளகை இந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டாம், அடுக்கும்போது தூவினால் போதும்.

6. அடுக்குதலும் வெட்டுதலும்

பிரெட் துண்டுகளை அடுத்தடுத்துள்ள இணைகளாக எடுத்து வையுங்கள். அப்போதுதான் ஓரங்கள் பொருந்தும். எல்லாத் துண்டுகளிலும் ஒரு பக்கம் வெண்ணெய் தடவுங்கள். கீழ்த் துண்டில் வில்லைகளை மீன் செதில்போல ஒன்றின் பாதியை அடுத்தது மூடும்படி இரண்டு அடுக்காக வைத்து, மிளகுத்தூளை ஒரு சிட்டிகை தூவி, வெண்ணெய்ப் பக்கம் உள்ளே இருக்கும்படி மேல் துண்டால் மூடி உள்ளங்கையால் இலேசாக அழுத்துங்கள். வெள்ளை மிளகு கிடைத்தால் நிறம் எடுப்பாக இருக்கும், கருமிளகானால் நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தோலை முன்னதாக வெட்டாதீர்கள். அடுக்கி முடித்து, பத்து நிமிடம் ஈரத்துணியின் கீழ் அமர விட்டு, அதன்பின் நீளமான பல்லுள்ள கத்தியால் நான்கு ஓரங்களையும் நீக்கி, மூலைக்கு மூலை வெட்டி நான்கு முக்கோணங்களாக்குங்கள். கத்தியை அழுத்தாமல் அறுக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பின் அலகைத் துடையுங்கள்.

கொத்தமல்லிச் சட்னி தடவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தடவலாம், தண்ணீர் விடாமல் அரைத்து, வெண்ணெய்க்கு மேல்தான் தடவ வேண்டும். என்னைக் கேட்டால், நல்ல வெண்ணெயும் இளங்காயும் வாய்த்த நாளில் சட்னி தேவையில்லை. காரம் விரும்புபவர்களுக்காக அதைச் சிறு கிண்ணத்தில் தனியே வைத்துவிடுங்கள்.

7. நேரக் கணக்கு

நாலு மணிக்குப் பரிமாற வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். மூன்றே முக்காலுக்குள் தட்டில் அடுக்கி மூடியிருக்க வேண்டும். மூன்றேகாலுக்கு ஓரம் நீக்கி வெட்டத் தொடங்க வேண்டும். இரண்டரைக்கு வெண்ணெய் தடவி அடுக்கத் தொடங்க வேண்டும்; இருபது சாண்ட்விச்சுக்குத் தனி ஆளாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், உதவிக்கு ஒருவர் இருந்தால் பாதியில் முடியும். அதற்குள் வில்லைகள் ஒற்றி முடிந்திருக்க வேண்டுமானால், சீவும் வேலையை ஒன்றேகாலுக்கே தொடங்கிவிடுங்கள். வெண்ணெயைப் பிரிட்ஜிலிருந்து எடுக்கும் நேரம் பருவத்தைப் பொறுத்தது. காலையில் சந்தை, முதல் நாள் மாலை பேக்கரி.

காலையிலேயே எல்லாவற்றையும் செய்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற எண்ணம் வரும். வேண்டாம். எவ்வளவு ஒற்றினாலும் வெள்ளரிக்காய் மெல்ல மெல்ல நீரை விட்டுக்கொண்டுதான் இருக்கும். அடுக்கியதிலிருந்து பரிமாறுவது வரை ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முன்கூட்டிச் செய்யக்கூடியது வெண்ணெயைக் குழைத்துப் புதினா சேர்த்து வைப்பது ஒன்றுதான்.

8. காற்று, வெயில், வண்டிப் பயணம்

மின்விசிறிக்குக் கீழே வெட்டிய சாண்ட்விச் பத்து நிமிடம் இருந்தால் ஓரம் காய்ந்துவிடும். ஆனி, ஆடியில் மேற்கு சன்னலைத் திறந்து வைத்தாலும் அதே கதி. எனவே அடுக்கும் இடத்தில் விசிறியை நிறுத்துங்கள். மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, ஒரு சொட்டும் விழாத அளவுக்கு இறுகப் பிழிந்து, தட்டின்மேல் போர்த்தி வையுங்கள். சரியாகப் பிழியாத துணி பிரெட்டின் மேற்பக்கத்தைக் களியாக்கிவிடும்.

வெளியில் 32 பாகைக்கு மேல் வெப்பம் இருந்தால், வெளியே எடுத்து வைத்த சாண்ட்விச்சை ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், குளிர்ந்த நாளில் இரண்டு மணி நேரம். மொத்தத்தையும் ஒரே தடவையில் மேசைக்குக் கொண்டுவராமல், பாதியைப் பிரிட்ஜில் வைத்து இரண்டாம் சுற்றுக்கு எடுப்பது நல்லது.

இன்னோர் இடத்துக்குக் கொண்டு செல்வதானால் தூக்குப்போசியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். பாரத்தில் கீழே உள்ளவை நசுங்கும், மூடியில் வியர்த்த நீர் மேலே உள்ளவற்றில் சொட்டும். அகலமான, தாழ்ந்த டப்பாவில் பருத்தித் துணி விரித்து, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல், அடுக்குகளுக்கு இடையே வெண்ணெய்த்தாள் வைத்துக் கொண்டு செல்லுங்கள். திருப்பூரிலிருந்து கோயம்புத்தூர் போகும் தூரம் என்றால், வெட்டாத சாண்ட்விச்சாகக் கொண்டு போய் அங்கே வெட்டுவதே மேல்.

9. காசு பெற்றுக்கொண்டு செய்வதானால்

தெரிந்தவர்கள் கேட்டு, பிறகு அலுவலகக் கூட்டங்களுக்கும் ஆர்டர் வரத் தொடங்கினால், வீட்டுச் சமையலறையாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006 இதைக் கேட்கிறது. சிறு அளவில் செய்பவர்களுக்கான பதிவுக்கு, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) ஃபாஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். புகைப்படமும் அடையாளச் சான்றும் முக்கியம், முகவரிச் சான்றையும் நகலெடுத்துத் தயாராக வையுங்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நிலை அறிய அது வேண்டும். கட்டணம் எவ்வளவு என்பதை அந்த இணையதளமே காட்டும். இதைச் செய்து தருகிறேன் என்று பல மடங்கு கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள்.

ஆர்டருக்கு முன்பணம் பெறும்போது பரிமாறும் நேரத்தை எழுத்தில் வாங்குங்கள். நாலு மணி என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்குக் கூட்டத்தை முடிப்பவர்களும் உண்டு, அந்த இரண்டு மணி நேரத்தில் நனைந்துபோகும் சாண்ட்விச்சுக்கு நீங்கள் பொறுப்பேற்க இயலாது.

10. மீந்தவை

நீக்கிய ஓரத்தோலை நெய் தடவிய தோசைக்கல்லில் மொறுமொறுப்பாக வறுத்தெடுத்தால் சூப்புக்கு உதவும், காயவைத்துப் பொடித்தால் கட்லெட்டுக்கு ஆகும். மீந்த சாண்ட்விச்சை மறுநாள் காலைக்கு வைக்க வேண்டாம். பரிமாறாமல் பிரிட்ஜில் இருந்ததை அன்று இரவே தோசைக்கல்லில் இருபுறமும் சிவக்க வாட்டிச் சாப்பிட்டுவிடுங்கள். மேசையில் இருந்து எஞ்சியது, வெயில் நாளானால், வாட்டுவதற்கும் ஆகாது.